கோஸ்லாரைச் சுற்றி நடக்க: ப்ரோக்கன் உச்சியா, வாய்க்கால் கரையா?

கேள்வி: 2025 ஏப்ரல் 28, மாலை 6.10

ஜூன் முதல் வாரம் அப்பாவும் அம்மாவும் ஜெர்மனியில் ஹனோவருக்கு என்னிடம் வருகிறார்கள். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. ஹார்ட்ஸ் மலையடிவாரத்துக் கோஸ்லாரில் மூன்று இரவுக்கு அறை போட்டாயிற்று. ஹார்ட்ஸ் மலைக்குப் போய் ப்ரோக்கன் உச்சி ஏறாமல் திரும்பினால் போனதே வீண் என்று ஆபீஸில் எல்லாரும் சொல்கிறார்கள். அப்பா தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர், பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். டோர்ஃப்ஹவுஸில் இருந்து ஏறி இறங்கிவிட முடியுமா?

பதில்: ஏப்ரல் 28, இரவு 9.40

அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம். டோர்ஃப்ஹவுஸ் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உச்சி 1141. பெரிய ஏற்றமாகத் தெரியாது. ஆனால் போக 8 கிலோமீட்டர், வர 8. திரும்பும் 8 கிலோமீட்டரில் பெரும்பகுதி இறக்கம், நடுவில் ஒரு பகுதியில் கால் வைக்க வசதியில்லாத கான்கிரீட் பலகைகள் வேறு. முழங்காலுக்கு அதைவிடக் கெட்டது இல்லை.

உச்சியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வெர்னிகெரோடேயில் இருந்து நீராவி ரயில் போகிறது, ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், 1125 மீட்டரில் நிலையம். ரயிலில் போய் ரயிலிலேயே வரலாம். உள்ளூர் ரயில், பேருந்துக்கான மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் அதில் செல்லாது, தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும், அது மலிவில்லை.

ஆனால் என் பதில் வேறு. நான் ப்ரௌன்ஷ்வைக்கில் 11 வருடமாக இருக்கிறேன், கோஸ்லார் இங்கிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஹார்ட்ஸில் எத்தனை முறை நடந்தேன் என்று கணக்கு இல்லை. ப்ரோக்கனுக்கு ஆறு முறை போயிருக்கிறேன். திரும்பத் திரும்பப் போகத் தோன்றுவது உச்சிக்கு இல்லை, வாய்க்கால் கரைகளுக்கு. அதைப் பற்றி நாளை எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

ஏப்ரல் 28, இரவு 11.05

தூங்கும் முன் ஒன்று. அந்த ஆறு முறையில் உச்சியில் இருந்து ஏதாவது பார்த்தது இரண்டே முறை. மற்ற நான்கு முறையும் வெள்ளைச் சுவர். வருடத்தில் 300 நாளுக்கு மேல் அங்கே மூடுபனி பதிவாகிறது. 1984 நவம்பரில் மணிக்கு 263 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்த இடம் அது. ஒரு ஆகஸ்ட் மாதம் கீழே அரைக்கைச் சட்டையோடு கிளம்பி, மேலே பத்தடி தள்ளி நின்ற மனைவி கண்ணுக்குத் தெரியாமல் குரல் கொடுத்துத் தேடினேன். ரயிலில் போவதானாலும் அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் தலைக்குத் துணியும் கட்டாயம்.

ஏப்ரல் 29, மதியம்

சரி, வாய்க்கால்.

ஹார்ட்ஸ் வெறும் காட்டு மலை இல்லை. வெள்ளி, ஈயம், செம்பு, துத்தநாகம் என்று பல நூறு வருடம் குடைந்து எடுத்த மலை. கோஸ்லார் ஊரே ரம்மெல்ஸ்பெர்க் சுரங்கத்தால் பிழைத்த ஊர். அந்தச் சுரங்கம் ஆயிரம் வருடத்துக்கு மேல் ஓடி 1988இல் மூடப்பட்டது, 1992இல் சுரங்கமும் பழைய ஊரும் சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயின. ஊருக்குள் சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள், பேரரசர் மூன்றாம் ஹென்றி காலத்து அரண்மனை, எல்லாம் அந்தக் காசு.

சுரங்கம் ஆழமாகப் போகப் போக ஊற்றுநீர் நிரம்பும். அதை இறைக்க வேண்டும், தாதுவை மேலே தூக்க வேண்டும். நீராவி இயந்திரம் வராத காலம். அதனால் தண்ணீரை வைத்தே தண்ணீரை இறைத்தார்கள். மலைமேல் குளம் வெட்டி, மழையையும் உருகும் பனியையும் தேக்கி, வாய்க்கால் வழியாகச் சுரங்க வாசலுக்குக் கொண்டுவந்து சக்கரத்தில் விழவிட்டார்கள். சக்கரம் சுற்றினால் பம்பு ஓடும். இப்படி நூறுக்கும் மேற்பட்ட குளங்கள், மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால். மலை குறுக்கே வந்தால் குடைந்து தண்ணீரை உள்ளே விட்டார்கள். இன்றைக்கும் 65 குளமும் 70 கிலோமீட்டர் வாய்க்காலும் பராமரிப்பில் இருக்கின்றன. 2010இல் இதையும் கோஸ்லாரோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டார்கள்.

நடப்பவருக்கு இதில் என்ன லாபம்? வாய்க்கால் ஏறாமல் இறங்காமல் ஏறக்குறைய ஒரே உயரத்தில் மலையைச் சுற்றியே போகும். உயரத்தை வீணடித்தால் சக்கரத்தில் விழும் வேகம் குறையும் என்பதால் முடிந்தவரை சரிவே இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள். அதன் கரைதான் நடைபாதை. ஆகவே மலைக்குள், காட்டுக்குள், ஏழெட்டு கிலோமீட்டர் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் போகலாம். உங்கள் அம்மாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்பா ஏரி, வாய்க்கால் வேலை பார்த்தவர் என்றால் அவரைக் கரையில் இருந்து கிளப்புவதுதான் உங்களுக்குக் கஷ்டம்.

ஏப்ரல் 29, இரவு

மதியம் எழுதியதில் ஒரு தவறு. வாய்க்கால்கள் எல்லாம் ரம்மெல்ஸ்பெர்க் சுரங்கத்துக்காக என்பது போல வாசிக்கிறது. இல்லை. அவை மேட்டு ஹார்ட்ஸில் உள்ள கிளவுஸ்தால், சாங்க்ட் அன்ட்ரேயாஸ்பெர்க் பக்கத்துச் சுரங்கங்களுக்கு. ரம்மெல்ஸ்பெர்க்குக்குத் தனி ஏற்பாடு, அதன் பின்னால் ஹெர்ட்ஸ்பெர்கர் குளம் என்று 16ஆம் நூற்றாண்டில் வெட்டியது இருக்கிறது. கோஸ்லாரில் இருந்து காலாற நடந்தே போய்விடலாம். அறையில் பெட்டியை வைத்த முதல் நாள் மாலைக்கு அதுவே போதும்.

மே 3, சனி, இரவு

உங்கள் கேள்வியால் இன்று கிளம்பிவிட்டோம். நண்பர் காரில் ஓடர்டைஷ் போய், அங்கிருந்து ரேபெர்கர் வாய்க்கால் கரை.

ஓடர்டைஷ் 1715 முதல் 1722 வரை கட்டிய அணை. 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ஜெர்மனியில் இதைவிடப் பெரிய அணை கிடையாது. கரை முழுக்க கிரானைட் கல். கல் ஒவ்வொன்றும் நம் இடுப்பு உயரத்துக்குப் பக்கம், இடுக்கில் பாசி, சாந்து எங்கேயும் கண்ணில் படவில்லை. கார் நிறுத்தும் இடம் கரையை ஒட்டியே இருப்பதால் அம்மா அப்பாவை நடக்கவிடாமலே அணையைக் காட்டிவிடலாம்.

தண்ணீர் பார்த்தால் முதலில் திடுக்கென்று இருக்கும். பால் விடாத தேநீர் நிறம். அழுக்கில்லை. சுற்றியுள்ள சதுப்பில் செடிகள் மக்கிச் சேர்ந்த கரி மண்ணில் ஊறி வரும் நீர் அப்படித்தான். உள்ளங்கையில் அள்ளினால் வெளிர் மஞ்சள், ஆழத்தில் கறுப்பு.

அங்கிருந்து வாய்க்கால் தொடங்குகிறது, அன்ட்ரேயாஸ்பெர்க் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர். அகலம் ஒரு எட்டு, ஆழம் முழங்காலுக்குக் கீழே, இரண்டு பக்கமும் கல் அடுக்கு. பெரும்பாலான இடத்தில் மேலே மூடி போட்டிருக்கிறார்கள், குளிர்காலத்தில் பனி விழுந்து ஓட்டம் அடைபடக் கூடாது என்று. மூடியின் இடைவெளியில் காது வைத்தால் தண்ணீர் போகும் சத்தம் கேட்கிறது, ஆனால் கண்ணால் பார்த்தால் வாய்க்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லவே முடியவில்லை. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் ஓடர் பள்ளத்தாக்கு கீழே கிடக்கிறது. அந்த விளிம்பில் நடந்துகொண்டிருக்கிறோம், மூச்சு வாங்கவில்லை. இது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்.

நடுவில் ரேபெர்கர் பாறை. ஜெர்மன் கவிஞர் கதே 1783இல் இங்கே வந்து கிரானைட்டின் மேல் வேறு பாறை உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அந்த இடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர் 1777 டிசம்பரில் பனிக்குள் ப்ரோக்கன் ஏறியதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இந்தப் பாறை முன்னால் நின்ற மனிதர்தான் பிடிக்கிறது.

பாதி தாண்டியதும் வாய்க்கால் காவலர் வீடு ஒன்று. இப்போது உணவு விடுதி. காட்டுக்குள் வேறு கடை இல்லை என்பதால் திறந்திருக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் போங்கள். அன்ட்ரேயாஸ்பெர்க் பக்கத்தில் இருந்து கிளம்பினால் இந்த விடுதி இன்னும் பக்கம். அம்மாவுக்கு அதுதான் சரி, போய் உட்கார்ந்து சூப் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பலாம். நாங்கள் ஓடர்டைஷில் இருந்து போய்த் திரும்பியதில் 14 கிலோமீட்டர் ஆயிற்று, கால் வலி இல்லை.

காடு பற்றி எழுத வேண்டும். இன்று முடியாது.

மே 4, காலை

காடு. உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் கார் டோர்ஃப்ஹவுஸ் ஏறும்போதே மனம் உடைந்துபோவார். மலை மலையாக மரங்கள் செத்து நிற்கின்றன. சாம்பல் நிறம், கிளை இல்லை, பட்டை இல்லை.

2018இல் ஜனவரியில் புயல், அப்புறம் மழையே இல்லாத கோடை, அடுத்த இரண்டு வருடமும் வறட்சி. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் தன்னைத் துளைக்க வரும் பட்டை வண்டைப் பிசின் சுரந்து மூழ்கடிக்கும். தண்ணீர் இல்லாத மரத்துக்குப் பிசின் ஏது? வண்டு உள்ளே போய்விட்டது. அரிசியை விடச் சிறியது அந்த வண்டு. மரத்தடியில் காப்பித்தூள் கொட்டினது போலப் பழுப்புத் தூள் கிடந்தால் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம்.

நேற்று ஒரு பட்டைத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் நேராக ஒரு தடித்த கோடு, அது தாய் வண்டு போன வழி. அதில் இருந்து இரண்டு பக்கமும் வரிசையாக மெல்லிய கோடுகள், தொடக்கத்தில் நூல் மாதிரி, போகப் போக அகலம். புழு தின்று வளர வளர அதன் பாதையும் பருக்கிறது. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு குழி. ஓலைச்சுவடியில் எழுத்தாணி ஓடினது போல இருந்தது. ஜெர்மன்காரர்கள் இந்த வண்டுக்கு வைத்த பெயரின் பொருள் 'அச்சடிப்பவர்'.

எனக்கு முதலில் வந்தது கோபம். 2020இல் ப்ரோக்கன் பக்கம் போய்விட்டுத் திரும்பியபோது இனி ஹார்ட்ஸுக்கே வரமாட்டேன் என்று வீட்டில் சொன்னேன், இரண்டு வருடம் போகவும் இல்லை. தேசியப் பூங்காவில் மரத்தை வெட்டாமல், வண்டைத் தடுக்காமல், பெரும்பகுதியை அப்படியே விட்டிருக்கிறார்களே என்று. பூங்காவின் கொள்கையே இயற்கையை இயற்கையாக விடுவது.

இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்றால் செத்தது பழைய காடே இல்லை. சுரங்கத்துக்குத் தாங்கு மரமும் தாதுவை உருக்கும் உலைக்குக் கரியும் வேண்டி, இங்கே இருந்த பீச் (beech) என்ற அகன்ற இலை மரங்கள் கலந்த காட்டை வெட்டித் தீர்த்துவிட்டு, சீக்கிரம் வளரும் என்று ஸ்ப்ரூஸை மட்டும் வரிசையாக நட்டார்கள். அது தானாக வளரும் இடம் உச்சியை ஒட்டிய குளிர்ந்த பகுதி மட்டும்தான். கீழே இருந்ததெல்லாம் நட்ட மரம். வாய்க்காலை வெட்டின அதே கை காட்டையும் நட்டது. நான் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து ஒன்றைக் கொண்டாடி மற்றதற்கு அழுதுகொண்டிருந்தேன்.

நேற்றுப் பார்த்தேன், நிற்கும் பிணங்களுக்கு நடுவில் பிர்ச், ரோவன் கன்றுகள் இடுப்பு உயரம் வந்துவிட்டன, சில தோளுக்கு. விழுந்த மரத்தின் முதுகிலேயே முளைத்த சிறு ஸ்ப்ரூஸ்கூட உண்டு. ஆறுதலுக்குச் சொல்லவில்லை, போய்ப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: காற்று பலமாக இருக்கும் நாளில் செத்த மரங்களுக்குள் போகும் பாதையில் போக வேண்டாம். அறிவிப்பு வைக்காமலே விழும். காய்ந்த நாளில் நெருப்பு பயமும் உண்டு, 2022 செப்டம்பரிலும் 2024 செப்டம்பரிலும் ப்ரோக்கன் பக்கம் பெரிதாகப் பிடித்தது.

மே 4, மாலை

உண்ணி! எப்படி மறந்தேன். நீளக் கால்சட்டை, காலுறைக்குள் விட்டு. இரவு அறைக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு மடிப்பில், காதுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். நேற்று என் பையன் காலில் ஒன்று, எள் அளவு. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன். அந்த இடம் சில நாள் கழித்து வட்டமாகச் சிவந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

மே 11

நீங்கள் தனிச்செய்தியில் கேட்டதற்குப் பொதுவிலேயே பதில், மற்றவர்களுக்கும் உதவும்.

ஓக்கர் பள்ளத்தாக்கு கோஸ்லாருக்கு ரொம்பப் பக்கம், கட்டாயம் போகலாம், ஆனால் அங்கே வாய்க்கால் கரைச் சமாதானம் கிடையாது. ரோம்கர்ஹாலில் இருந்து கேஸ்டெக்லிப்பே வரை செங்குத்தான காட்டுப்பாதை, வேரும் கல்லும். அப்பாவும் நீங்களும் மட்டும் ஏறுங்கள். வழியில் மூட்டை மூட்டையாக அடுக்கின கிரானைட் பாறைகள். யாரும் அடுக்கவில்லை, விரிசல் வழியாக நீர் இறங்கி மூலைகளைக் கரைத்துக் கரைத்து உருண்டையாக்கிவிட்டது. இதைக் கம்பளி மூட்டை என்றுதான் இங்கே சொல்கிறார்கள், எங்கள் வீட்டில் அரிசி மூட்டை என்போம். கேஸ்டெக்லிப்பேயில் ஒரு பாறை பக்கவாட்டில் பார்த்தால் கிழவர் முகம், மூக்கு, தாடை எல்லாம் துல்லியம்.

அம்மா கீழே அருவியைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். 64 மீட்டர், ஹார்ட்ஸில் இதைவிட உயரமான அருவி இல்லை.

மே 11, சற்று நேரம் கழித்து

அருவி என்று எழுதிவிட்டு உறுத்தியது. அது இயற்கை அருவி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பார்வையாளர்களுக்காக ஒரு ஓடையைத் திருப்பிப் பாறைமேல் விழவிட்டது. முதலில் தெரிந்தபோது எனக்கு ஏமாற்றம். இப்போது இல்லை, இந்த மலையில் மனிதர் திருப்பிவிடாத தண்ணீரைத் தேடினால்தான் அதிசயம்.

மே 17

கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளுக்கு நடுவில் இருந்த பழைய எல்லையை அப்பாவுக்குக் காட்ட உங்களுக்கு ஆசை என்று எழுதியிருந்தீர்கள். ப்ரோக்கன் கிழக்கு ஜெர்மனிப் பக்கம் இருந்தது, 1961 முதல் 1989 டிசம்பர் 3 வரை பொதுமக்கள் போக முடியாது, உச்சியைச் சுற்றிக் கான்கிரீட் சுவர், உள்ளே ஒட்டுக் கேட்கும் நிலையம். டோர்ஃப்ஹவுஸில் நின்றால் உச்சி கண்ணெதிரே தெரியும், மேற்கில் இருந்தவர்கள் அந்தத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி. டிசம்பர் 3 அன்று மக்கள் கூட்டமாக ஏறிப்போய் வாசலைத் திறக்க வைத்தார்கள்.

நடக்காமல் எல்லையை உணர எக்கர் அணை நல்ல இடம் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அணைக்குக் காரில் போக முடியாது, நடந்துதான் ஆக வேண்டும். எல்லைக்கோடு அணைச் சுவரின் நடுவிலேயே போயிற்று, பாதித் தண்ணீர் ஒரு நாடு, பாதி மற்றொன்று. அப்பாவுக்குத் தெம்பு இருந்தால் பாட் ஹார்ட்ஸ்பர்க் பக்கத்தில் இருந்து போய்வாருங்கள்.

அங்கிருந்து மேலே ஷார்ஃபன்ஸ்டைன் வழியாக உச்சிக்குப் போகிற பாதையில் மட்டும் அவரைக் கூட்டிப் போகாதீர்கள். எல்லைக் காவல் வண்டிகள் போகப் போட்ட ஓட்டை ஓட்டையான கான்கிரீட் பலகைகள், செங்குத்து. 2019இல் மழையில் அதில் இறங்கினேன். ஓட்டைக்குள் ஷூ நுனி மாட்டிக் கணுக்கால் திரும்பியது, மூன்று வாரம் கட்டு. அந்தப் பாதை கால்களுக்காகப் போட்டதே இல்லை.

மே 30

ஒரு முக்கியமான விஷயம். ஜூன் 7, 8, 9 பெந்தெகொஸ்தே விடுமுறை, வடக்கு ஜெர்மனி பாதி அங்கேதான் இருக்கும். டோர்ஃப்ஹவுஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. உங்கள் மூன்று நாள் அதற்கு முன் என்றால் நிம்மதி.

அப்புறம் முத்திரைப் புத்தகம். சுற்றுலா அலுவலகத்தில் ஒரு சிறு கையேடு வாங்கினால், மலை முழுக்க 222 இடத்தில் மரப்பெட்டிக்குள் முத்திரை தொங்கும், போகிற இடத்தில் குத்திக்கொள்ளலாம். எட்டு சேர்ந்தால் சட்டையில் குத்திக்கொள்ளும் வெண்கல ஊசி, 16க்கு வெள்ளி, 24க்குத் தங்கம், 222ம் முடித்தவருக்குப் பேரரசர் பட்டம். குழந்தைகளுக்கு என்று நினைத்தேன், ஓடர்டைஷ் பெட்டி முன்னால் வரிசையில் நின்றது எல்லாம் நரைத்த தலை. அம்மாவிடம் கொடுங்கள்.

ஹானன்க்ளேயும் மனதில் வையுங்கள். கோஸ்லாரைச் சேர்ந்ததுதான், மரத்தாலேயே கட்டின தேவாலயம் 1908இல் இருந்து நிற்கிறது, அங்கே தொடங்கி 7 கிலோமீட்டர் சுற்றுப்பாதை, நூறு அடிக்கு ஒரு பெஞ்சு போல எனக்குத் தோன்றும் அளவுக்கு உட்கார இடம். ஆனால் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ரேபெர்கர் வாய்க்கால். இதில் இருந்து நான் மாறமாட்டேன்.

கேள்வி கேட்டவர்: ஜூன் 10

போய்வந்தோம். ப்ரோக்கன் போகவில்லை. ரயிலுக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று இருந்த நாளில் மேலே மேகம். அம்மா வாய்க்கால் கரையில் 6 கிலோமீட்டர் நடந்தார், முத்திரை நான்கு. அப்பா ஓடர்டைஷ் கரையில் ஒரு சிறு மரக் குடிலைப் பார்த்துவிட்டு 'இதுக்குள்ள என்ன இருக்கு, தண்ணியை எப்படித் திறக்குறான்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பூட்டியிருந்தது. உங்களுக்குத் தெரியுமா?

ஜூன் 10, இரவு

தெரியும், சொல்லாமல் விட்டது என் தவறு. குளத்தின் அடிமட்டத்தில் கரைக்குள் ஒரு குழாய் போகிறது. பழைய குளங்களில் அது குடைந்த மரம். அதன் வாயில் ஒரு மர அடைப்பான். அடைப்பானோடு நீளமான தண்டு, தண்டின் மேல் முனை குடிலுக்குள் இருக்கிறது. ஆள் உள்ளே நின்று தண்டைத் தூக்கினால் தண்ணீர் போகும், இறக்கினால் நிற்கும். எவ்வளவு தூக்குகிறாரோ அவ்வளவு தண்ணீர். மழை, பனியில் தண்டு உறையாமல் இருக்கவும் வேறு ஆள் கை வைக்காமல் இருக்கவும் குடில், பூட்டு. அதைத் திறக்க மூடத் தனி ஆள் வைத்திருந்தார்கள்.

அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: ஜூன் 11

கேட்டேன். 'அட, நம்ம ஏரியில இருக்குற குமிழித் தூம்பு' என்றார். இப்போது பேப்பரில் படம் போட்டு அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.